விதி வாத்தியாரின் ஐந்து விரல்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் எங்கள் வீட்டுக் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு ஒரு பிரகடனம் செய்தேன்.

“இனிமே கார் சம்பந்தப்பட்டது எல்லாம் என் டிபார்ட்மென்ட். டயர், பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ், எல்லாம். நீ எதுலயும் தலையிட வேண்டாம்.”

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“மத்ததெல்லாம்?”

“மத்ததெல்லாம் வழக்கம்போல உன் டிபார்ட்மென்ட்.”

“சரிங்க.”

பதினான்கு வருட மணவாழ்க்கையில் அவள் மறுபேச்சில்லாமல் சரி என்று சொன்ன சந்தர்ப்பங்கள் மொத்தம் மூன்று. மூன்றிலும் கடைசியில் மூக்குடைபட்டது நான்தான். அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. என் தோல் அப்படி.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வாத்தியார். ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுப்பவர் வேறு ஒருவர். அவருக்கு ரத்தக் கொதிப்பு வந்து இரண்டு வருடமாகிறது. நான் வகுப்பறையில் கரும்பலகை முன்னால் பத்திரமாக நிற்பவன். சாலை விதிகள் என் பாடம். அதனால் எல்லோரும் என்னை ‘விதி வாத்தியார்’ என்பார்கள். சாலை விதிதான் என் பொறுப்பு. என் தலைவிதி முழுக்க என் மனைவியின் இலாகா.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரு சொட்டுக் கொடுத்தால் போதும், ஆளுக்குள்ளே என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று வரிசையாக எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் பொய் சொல்லலாம் என்று நினைத்தவன் நான். என் புத்திசாலித்தனத்தை நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

என் வகுப்பில் ஐந்து விரல் பாடம் என்று ஒன்று உண்டு. நானே கண்டுபிடித்தது. விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும்? கையைத் தூக்கு. கட்டை விரல்: வண்டியை நிறுத்து, ஓடாதே. ஆட்காட்டி விரல்: யாருக்காவது அடிபட்டதா என்று பார். நடு விரல்: எதிர் வண்டியின் நம்பர், ஓட்டியவர் பெயர், இன்சூரன்ஸ் விவரம் மூன்றையும் எழுதிக்கொள். மோதிர விரல்: போலீசுக்குச் சொல். சுண்டு விரல்: இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றைக்கே தகவல் கொடு; அதற்கு முன்னால் ‘தப்பு என்னுடையது’ என்று யாருக்கும் எழுதிக் கொடுத்துத் தொலைக்காதே. இருபது பேர் கையைத் தூக்கிக்கொண்டு ஒரே குரலில் சொல்வார்கள். எனக்கே புல்லரிக்கும். வீட்டிலும் இதை நடத்தியிருக்கிறேன். என் மகள் நாலு வயதிலேயே சொன்னாள். மனைவியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள், எழுப்பியதற்குத் திட்டிவிட்டு.

பிரகடனத்துக்குப் பிறகு நான் கார் விஷயமாகச் செய்த ஒரே காரியம், கார் ஆவணங்களைச் சமையலறை அலமாரியிலிருந்து என் மேஜை இழுப்பறைக்கு மாற்றியது. அதோடு களைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை. புதிய வகுப்பு. இன்சூரன்ஸ் பத்திரம் எப்படி இருக்கும் என்று மாணவர்களுக்குக் காட்டலாமே என்று என்னுடையதையே எடுத்துப்போயிருந்தேன்.

“இது இல்லாம வண்டி எடுக்கறது சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய அயோக்கியத்தனம், எதிர்ல வர்றவனுக்கு நாம செய்ற துரோகம். நல்லாப் பாருங்க. முடிவுத் தேதின்னு ஒண்ணு இருக்கும். அதைத்தான் முதல்ல பார்க்கணும்.”

முதல் வரிசையில் ஒரு தையல்காரப் பெண்மணி. பத்திரத்தைக் கையில் வாங்கி, பொறுமையாகப் பார்த்தாள்.

“சார், இது முடிஞ்சு இருபத்திரண்டு நாள் ஆச்சே.”

பத்திரத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். அவள் கணக்கில் தப்பே இல்லை.

“சபாஷ்!” என்றேன். “யாராவது கண்டுபிடிக்கறீங்களான்னுதான் பார்த்தேன்.”

எல்லோரும் கைதட்டினார்கள். அவ்வளவு கைதட்டலுக்கு நடுவில் அவ்வளவு கேவலமாக நான் எப்போதும் உணர்ந்ததில்லை. ஏனென்றால் அந்த இருபத்திரண்டு நாளும் காரை ஓட்டியது நான் இல்லை. நான் பஸ்ஸில் போகிறவன். தினமும் காலையில் மகளைப் பின்சீட்டில் உட்கார வைத்து, பள்ளிக்கூடத்தில் விட்டு, மாலையில் கூட்டி வந்தது என் மனைவி. வழியில் யார் மேலாவது இடித்திருந்தால்? குற்றவாளிக் கூண்டில் அவள். எந்தப் பாவமும் அறியாத அவள். என் வார்த்தையை நம்பியவள். வகுப்பைப் பாதியில் முடித்துக்கொண்டு வெளியே வந்து இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போன் போட்டேன்.

“காலாவதி ஆயிடுச்சுன்னா வண்டியை நேர்ல பார்த்துட்டுத்தான் புதுப்பிப்போம் சார். கொண்டு வாங்க,” என்றது ஒரு குரல். பத்திர எண்ணைக்கூடக் கேட்கவில்லை.

மனைவி காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, காரை வீட்டில் நிறுத்தி, ஆஸ்பத்திரி வேனில் வேலைக்குப் போய்விடுவாள். திரும்புவது நாலு மணிக்கு. அதற்குள் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை எடுக்கக் கூடாது என்று போதிக்கிற நான், இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை எடுத்தேன். இன்சூரன்ஸ் எடுக்கத்தானே என்று மனசாட்சிக்குச் சமாதானம் சொன்னேன். மனசாட்சி வாயை மூடிக்கொண்டது. பதினான்கு வருடப் பழக்கம், அதற்கும்.

ஆபீஸ் பின்னால் வண்டி நிறுத்துகிற இடம். போய் நிறுத்தினால், கதவில் ஒரு காகிதம்: ‘கணினிப் பழுது. நாளை வரவும்.’ தலையில் அடித்துக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுத்தேன். எதிர் வரிசையில் ஒரு நீலக் காரும் பின்னால் வந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. அதுவும் என்னைப் பார்க்கவில்லை.

டமால்.

நீலக் காரிலிருந்து இறங்கியவர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மாணவர். ஐந்து விரலில் நூற்றுக்கு நூறு வாங்கியவர். ஊருக்கே கண்ணாடி மாட்டிவிடுகிறவரின் கண்ணாடி அப்போது அவர் நெற்றியில் இருந்தது.

“சார்! நீங்களா!”

“நானேதான்.”

பழக்க தோஷத்தில் இருவரும் கையைத் தூக்கினோம்.

“கட்டை விரல். வண்டி நின்னாச்சு சார்.”

“ம்.”

“ஆட்காட்டி விரல். உங்களுக்கு அடி கிடி?”

“இல்லை. உங்களுக்கு?”

“இல்லை சார். நடு விரல்...”

அவருடைய நடு விரல் பாதி எழுந்து, பாதியில் நின்றது. என்னுடையது எழவே இல்லை. இருவரும் ஒரே சமயத்தில் மூடியிருந்த இன்சூரன்ஸ் ஆபீசைப் பார்த்தோம். பிறகு தரையைப் பார்த்தோம்.

“சார் இங்க எங்க?”

“சும்மாதான். காலண்டர் குடுத்தா வாங்கிட்டுப் போலாம்னு.”

“நானும் காலண்டருக்குத்தான் சார்.”

அது எட்டாவது மாதம்.

அப்புறம் எங்கள் இருவருக்குள்ளும் பெருந்தன்மை பொங்கியது.

“போலீஸ் கீலீஸ் எல்லாம் நமக்குள்ள எதுக்கு?” என்றேன் நான். பாடம் கற்றுக்கொடுத்த அதே வாயால்.

“அதானே சார். இன்சூரன்ஸ்காரனைத் தொந்தரவு பண்றது பாவம்.”

“மனுஷனுக்கு மனுஷன் பேசித் தீர்த்துக்கணும்.”

“தப்பு என்னுடையது சார்.”

“சேச்சே, என்னுடையது.”

“வாத்தியார் நீங்க அப்படிச் சொல்லக் கூடாது.”

“வாத்தியார்ங்கறதாலதான் சொல்றேன். குடுங்க அந்தப் பேப்பரை.”

அவருடைய கடை ரசீதின் பின்பக்கத்தில், ‘தவறு முழுவதும் என்னுடையதே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சுண்டு விரலும் போச்சு. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட வேகத்தைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குத்தான் எதுவும் நேரத்துக்கு வராதே.

நாலு மணிக்கு மனைவி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். வெள்ளைக் காரின் பின்பக்கம் உள்ளே போயிருந்தது. அதன் மேல் நீலமாக ஒரு தீற்றல்.

“என்னங்க இது?”

நான் தயாராக வைத்திருந்த வசனத்தைச் சொன்னேன். “கழுவலாம்னு வண்டியை வெளியே நிறுத்தினேன். வாளி எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தா எவனோ இடிச்சுட்டு ஓடிட்டான்.”

“நீங்க வண்டி கழுவினீங்களா?”

“கழுவறதா இருந்தேன்.”

“இன்னிக்கா?”

“என் டிபார்ட்மென்ட் இல்லையா?”

அவள் காரைச் சுற்றி வந்தாள். குனிந்தாள். கைப்பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை எடுத்து, அந்த நீலப் பெயின்டிலிருந்து ஒரு செதிலை நகத்தால் உரித்து, அதற்குள் போட்டு மூடினாள்.

“அது எதுக்கு?”

“சாம்பிள்.”

நான் மெல்ல வீட்டுக்குள் நழுவப் பார்த்தேன்.

“சரி, கிளம்புங்க.”

“எங்க?”

“போலீஸ் ஸ்டேஷனுக்கு. உங்க மோதிர விரல்.”

“இதுக்குப் போயா? சின்ன நசுங்கல். பாவம், எவனோ புள்ளகுட்டிக்காரனா இருப்பான்.”

“இடிச்சுட்டு ஓடினவன் மேல உங்களுக்கு என்னங்க அவ்வளவு பாசம்? நாளைக்கு வேற யாரையாவது இடிப்பான். இருபது பேருக்குப் பாடம் நடத்தறீங்க. நீங்களே புகார் குடுக்கலேன்னா?”

“காப்பி குடிச்சுட்டுப் போலாமே.”

“வந்து குடிக்கலாம்.”

காப்பீடு இல்லாமல் போய் இருபத்திரண்டு நாள். அன்றைக்குக் காப்பியும் இல்லாமல் போனது. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அவளே காரை ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ‘நிறுத்து, இந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் கிடையாது’ என்று ஒரு வாக்கியம். சிக்னலுக்குச் சிக்னல் வாயைத் திறந்தேன். அவள் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, விதிப்படி ஓட்டுவதைப் பார்த்ததும் வெட்கத்தில் மூடிக்கொண்டேன். தெரியாமல் இருபத்திரண்டு நாள் ஓட்ட விட்டதாவது மறதி. இப்போது தெரிந்தே ஓட்ட விடுகிறேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதுகிற எழுத்தரின் மேஜை முன்னால் ஏற்கெனவே ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். கணவரின் முதுகு எனக்குத் தெரிந்த முதுகாக இருந்தது. அவர் திரும்பினார். கண்ணாடி நெற்றியில். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்! அவர் முகத்தில் ஈயாடவில்லை. என் முகத்திலும் ஆடியிருக்காது. ஒருவரை ஒருவர் தெரியாதது போலப் பார்த்துக்கொண்டோம்.

எழுத்தர் எழுதியதைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். “வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்திக் கழுவிக்கிட்டு இருந்தீங்க. சோப்பு எடுக்க உள்ளே போனீங்க. திரும்பி வந்தா, அடையாளம் தெரியாத வண்டி இடிச்சுட்டுப் போயிருக்கு. சரிதானே?”

“சரிதான்,” என்றார் கடைக்காரரின் மனைவி. “இவர் வேண்டாம் வேண்டாம்னார் சார். நான்தான் பிடிவாதமா இழுத்துட்டு வந்தேன். பாருங்க, வாழ்க்கையில முதல் தடவையா காரைக் கழுவப் போனார். அன்னிக்குன்னு பார்த்து இப்படி.”

கணவன்மார்களின் மூளையெல்லாம் ஒரே தொழிற்சாலையில்தான் செய்கிறார்கள் போலிருக்கிறது. நாங்கள் இருவரும் கலந்து பேசவே இல்லை, சத்தியமாக.

எழுத்தர் என்னைப் பார்த்தார். “உங்களுக்கு என்ன சார்?”

“சொல்லுங்க,” என்று மனைவி முழங்கையால் இடித்தாள்.

வேறு பொய் யோசிக்க எனக்கு அவகாசம் இல்லை. இருந்த ஒரே பொய்யைச் சொன்னேன். “வீட்டு வாசல்ல... வண்டியை நிறுத்தி... கழுவலாம்னு...”

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார்.

“சோப்பு எடுக்க உள்ளே போனீங்களா?”

“இல்லைங்க. வாளி.”

“அவர் சோப்பு. நீங்க வாளி.” அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “தண்ணி எடுக்கப் போன மூணாவது ஆள் யாராவது வெளியே நிக்கறாரா?”

மனைவி கைப்பையைத் திறந்து அந்தப் பிளாஸ்டிக் உறையை மேஜைமேல் வைத்தாள். நீலச் செதில். பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். அங்கே நீலக் கார் நின்றது. அதன் பின்பக்கம் வெள்ளையாக ஒரு தீற்றல். பக்கத்திலேயே எங்கள் வெள்ளைக் கார். இரண்டு நசுங்கலும் ஒரே உயரத்தில் இருந்தன.

“பொய்ப் புகார் குடுத்தா அதுக்குத் தனி வழக்கு,” என்றார் எழுத்தர், சாவகாசமாக. “நல்லவேளை, ரெண்டு பேருமே இன்னும் கையெழுத்துப் போடலை.”

கடைக்காரர் சட்டென்று எழுந்தார். சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்து நீட்டினார். “சார், தப்பு முழுவதும் வாத்தியாரோடது. அவரே எழுதிக் குடுத்திருக்கார்.”

நூற்றுக்கு நூறு கொடுத்த கை என்னுடையது. அதை அப்போது வெட்டிப் போடலாம் போலிருந்தது.

எழுத்தர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நீங்கதானே அந்த ஐந்து விரல் வாத்தியார்? என் மச்சினன் உங்ககிட்டதான் படிச்சான்.”

நான் கூனிக் குறுகிப்போனேன். இனி மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆபீஸ், காகிதம், காலண்டர், டமால். எழுத்தர் எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்: “ரெண்டு பேரும் இன்சூரன்ஸ் பத்திரத்தைக் காட்டுங்க.”

கடைக்காரர் தலையைக் குனிந்தார். “எனக்கு ஏழு மாசமா இல்லை சார்.”

“ஏழு மாசமா!” என்று அவர் மனைவி கத்தியதில், உள்ளறையிலிருந்து ஒரு காவலர் எட்டிப் பார்த்தார்.

என் முறை. எழுத்தரிடம் சொல்ல முடியவில்லை. மனைவியிடம்தான் சொன்னேன்.

“நமக்கும் இல்லைம்மா. இருபத்திரண்டு நாளா இல்லை. நான் மறந்துட்டேன். நீயும் குழந்தையும் தினம் அதுலதான் போனீங்க. இன்னிக்குத்தான் எனக்கே தெரியும். தெரிஞ்சும் இப்ப உன்னை இங்க வரைக்கும் ஓட்ட விட்டேன். ஏதாவது ஆகியிருந்தா உன்னைத்தான் பிடிச்சிருப்பாங்க. என் வாயில சொல்ல வரலை. அவ்வளவு அவமானமா இருந்தது.”

கடைக்காரரின் மனைவிகூடக் கத்துவதை நிறுத்திவிட்டாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

“இந்தப் பேச்சுக்குத்தாங்க இருபத்திரண்டு நாளா காத்துக்கிட்டு இருந்தேன்,” என்றாள். “நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு.”

கைப்பையை மறுபடி திறந்தாள். மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எழுத்தரிடம் கொடுத்தாள்.

“வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு சார். முடிஞ்ச அன்னிக்கே போன்லயே புதுப்பிச்சுட்டேன். குழந்தையை உட்கார வெச்சு ஓட்டற வண்டி.”

எனக்கு உயிர் வந்தது. உயிர் மட்டுமா, முதுகெலும்பும் வந்தது. அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. போலீஸ் ஸ்டேஷன் என்பதால் அடக்கிக்கொண்டேன். என் குழந்தை இருபத்திரண்டு நாளும் பத்திரமாகத்தான் போயிருக்கிறாள். நான்தான் வீணாகச் செத்துப் பிழைத்திருக்கிறேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சட்டைக் காலரைச் சரிசெய்தேன். கடைக்காரர் பக்கம் திரும்பினேன். ஏழு மாதம்! என் மாணவன்!

“பார்த்தீங்களா?” என்றேன், வகுப்பறைக் குரலில். “ஒரு குடும்பம்னா பொறுப்பு வேணும். வண்டியை எடுக்கறதுக்கு முன்னால பத்திரம் இருக்கான்னு பார்க்கணும். இன்சூரன்ஸ் இல்லாம ரோட்டுக்கு வர்றவனாலதான் என்னை மாதிரி ஒழுங்கானவங்களுக்கும் கஷ்டம். நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்...”

“ஒரு நிமிஷம் சார்,” என்றார் எழுத்தர். காகிதத்தின் கீழ்ப்பகுதியில் விரலை வைத்திருந்தார். “வண்டியை ஓட்ட அனுமதிக்கப்பட்டவங்கன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல பேர் இருக்கறவங்க ஓட்டினாத்தான் இந்த இன்சூரன்ஸ் செல்லும்னு போட்டிருக்கு. அதுல மேடம் பேர் ஒண்ணுதானே இருக்கு?”

நான் மனைவியைப் பார்த்தேன்.

“யார் யார் ஓட்டுவீங்களோ அவங்க லைசன்ஸையும் அனுப்புங்கன்னு கம்பெனியில கேட்டாங்க சார்,” என்றாள் அவள், எழுத்தரிடம், மிக மரியாதையாக. “இவர்கிட்ட மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் நாளைக்குத் தரேன்னார்.”

“எதுக்குன்னு நீ சொல்லவே இல்லையே!”

“எதுக்குன்னு நீங்க கேக்கவே இல்லையே.”

எழுத்தர் ஒரு புது வெள்ளைத்தாளை எடுத்தார். ‘இன்சூரன்ஸ் இல்லாமல் வாகனம் ஓட்டியவர்கள்’ என்று தலைப்பு எழுதி, கீழே ஒன்று, இரண்டு என்று எண் போட்டார். ஒன்றுக்கு நேராகக் கடைக்காரர் பெயரை எழுதினார். பேனா இரண்டில் வந்து நின்றது.

“அப்போ இரண்டாவது யார் மேடம்? வண்டிக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே?”

“வண்டிக்கு இருக்கு சார்,” என்றாள் என் மனைவி. “இவருக்குத்தான் இல்லை.”